அறுப்பு முடியும் வரை

அப்பாவின் பைக் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அது கேட்கும் வரைக்கும் சொல்கிறேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. தூங்குகிறவள் இப்படி அசையாமல் கிடக்கமாட்டாள்.

ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று கலைமகள் டீச்சர் எங்கள் பிளஸ் ஒன் வகுப்புக்கு வந்து, "புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு டார்கெட் சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

"நான் கலெக்டர் ஆவேன் டீச்சர்" என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி.

"இந்த வருஷமேவா? அப்ப பிளஸ் டூ யாரு எழுதுறது, உங்கப்பாவா?"

வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹமீதா பானு எழுந்தாள். "தினம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன் டீச்சர்."

"நீ பஸ்ஸ விடாம வந்தாலே எனக்கு அது திருவிழாதான். ஆறரைக்கு எந்திரி. அதுவும் பொங்கல் வரைக்கும். அதுக்கப்புறம் மறுபடி பேசிக்கலாம்."

பிறகு டீச்சர் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "பெருசா வச்சா பெருசா உடையும்டி. சின்னதா வைங்க. எது வரைக்கும்னு ஒரு எல்லை வைங்க. முக்கியமா, அது உங்க கையில இருக்கறதா இருக்கணும். அடுத்தவங்க கையில இருக்கறத டார்கெட்னு வைக்காதீங்க."

என் முறை வந்தபோது, கணக்கில் தொண்ணூறு எடுப்பேன் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு. அப்பா மாலையைக் கழற்றிய பிறகும் அம்மாவின் கை உடையாமல் இருக்க வேண்டும். அது என் கையில் இல்லை.

எங்கள் ஊர் பூதலூருக்குக் கொஞ்சம் தள்ளி. அப்பா அறிவுச்செல்வன், அறுப்பு மிஷின் டிரைவர். சேற்று வயலில் இறங்கும் பெல்ட் மிஷினை அவரைப்போல் வரப்பு நசுங்காமல் திருப்ப ஆள் இல்லை என்பார்கள். அறுப்புக் காலத்தில் டிரைவருக்குப் பேட்டாவோடு ஒரு குவார்ட்டரும் கொடுப்பது இங்கே எழுதாத வழக்கம். வயல்காரர் கொடுக்காவிட்டாலும் மிஷின் பிடித்துவிடும் புரோக்கர் கொடுப்பார். மழை வருவதற்குள் அறுத்தாக வேண்டும். டிரைவர் முகம் கோணக் கூடாது.

ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை முதல் தேதி அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். அன்றிலிருந்து எங்கள் வீடு வேறு வீடு. அம்மா அவரைச் சாமி என்று கூப்பிடுவாள். ஊரே சாமி என்று கூப்பிடும். கறுப்பு வேட்டி, வெறும் கால், விடியலில் வாய்க்கால் குளியல், பாயில் படுக்கை. கழுத்தில் மாலை கிடக்கிறவரை டாஸ்மாக் கடைக்காரர்கூட அப்பாவிடம் பாட்டிலை நீட்டமாட்டார். புரோக்கர் வாழைப்பழம் வாங்கிக் கொடுப்பார். அப்பா என்னை "வாணி சாமி" என்பார். என் முழுப் பெயர் இசைவாணி. மற்ற மாதங்களில் அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மற்ற மாதங்களில் பொழுது சாய்ந்ததும் அம்மா சத்தமில்லாமல் வீட்டைச் சுற்றி வருவாள். அரிவாள்மனை, கதிர் அரிவாள், அம்மிக்குழவி எல்லாவற்றையும் எடுத்துக் கொல்லையில் வைக்கோலுக்குள் செருகிவிட்டு வருவாள். கார்த்திகை பிறந்தால் அவை வீட்டுக்குள் வரும். சாமான் எது எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே எங்கள் வீட்டில் என்ன மாதம் என்று சொல்லிவிடலாம்.

போன வருஷம் மலையிலிருந்து திரும்பிய அன்று கோயிலில் மாலையைக் கழற்றினார். அன்று சாயங்காலமே அம்மாவின் இடது மணிக்கட்டை முறுக்கினார். நான் அடுப்படியில் நின்றேன். பச்சை மூங்கில் முறிந்தாற்போல ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, "வரப்புல வழுக்கிட்டேங்க" என்றாள் அம்மா. "போன தடவையும் வரப்புதானே?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "எங்க ஊரு வரப்பு அப்படி" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். இன்றைக்கும் அந்தக் கையால் குடம் தூக்க முடியாது.

ஆகையால் இந்த வருஷம் ஜனவரி பிறந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மலைக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது.

புது வருஷத்தன்று காலை அப்பா வாய்க்காலில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வாசலில் நின்று துளசி மணி மாலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சில் வெறும் பனியின் மணம்.

"என்ன வாணி சாமி, டீச்சர் ஏதோ டார்கெட் கேட்டாங்கன்னு அம்மா சொன்னா?"

சொன்னேன். கலெக்டர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. இந்தத் தடவை மாலையக் கழட்டுனாலும் ஆயுசுக்கும் தொடமாட்டேன். எப்படி?"

அம்மா துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "போன வருஷமும் ஆயுசுக்கும்தான் சாமி. ஆயுசு ஆறு மணி வரைக்கும் இருந்துச்சு."

அப்பாவின் முகம் ஒரு கணம் மாறிப் பிறகு மறுபடி சாமி முகமானது. நான் அவசரமாக நடுவில் புகுந்தேன். "அவ்வளவு பெருசா வேணாம்ப்பா. சின்னதா வைங்க. மலைக்குப் போயிட்டு வந்ததும் மாலையக் கழட்டாதீங்க. சம்பா அறுப்பு முடியுற வரைக்கும் கழுத்துலயே கிடக்கட்டும். அது போதும்."

எனக்கு அது எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றியது தெரியுமா? குவார்ட்டர் வருவது அறுப்பில்தான். அறுப்பைத் தாண்டிவிட்டால் பாதி வருஷம் தாண்டியது மாதிரி. அப்பாவின் மனசை நான் நம்பவில்லை. மாலையை நம்பினேன்.

அப்பா மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி சத்தியமா. அறுப்பு முடியுற வரைக்கும் இது என் கழுத்துல இருக்கும்."

மலைக்குப் போய்வந்தார்கள். கோயிலில் எல்லாரும் வரிசையாகத் தேங்காய் உடைத்து மாலையைக் கழற்ற, அப்பா மட்டும் நகர்ந்து நின்றார். அவர்களை அழைத்துப்போகும் குருசாமி தியாகேசன், பூதலூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"போயிட்டு வந்தாச்சுன்னா கழட்டிடணும் சாமி. வேலை முடிஞ்ச மாலையச் சும்மா போட்டுட்டுத் திரியக் கூடாது."

"எம்மக கேட்டுக்கிட்டா குருசாமி."

குருசாமி என்னைப் பார்த்தார். "நல்லதுக்குத்தான் கேட்டிருப்ப. ஆனா மாலைங்கறது வேலி இல்ல பாப்பா, இழுத்து இழுத்து நீட்டுறதுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. போன வருஷம் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனவர் இவர்தான்.

பொங்கல் நன்றாகப் போனது. அம்மா அம்மியில் அரைத்தாள். குழவி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பா கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தபோது அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் திடுக்கிட்டோம். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அறுப்பு சூடுபிடித்தது. வயலில் ஆட்கள் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். "என்ன சாமி, ஊரே எறங்கிடுச்சு, நீங்க இன்னும் மலை மேலயே நிக்கிறீங்க?" "அடுத்த வருஷ மாலைய இப்பவே போட்டுட்டாரு போல. அட்வான்ஸ்!" அப்பாவும் சிரிப்பாராம். வீட்டுக்கு வந்ததும் பேசாமல் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மணிகள் பட்ட இடத்தில் தோல் சிவந்திருந்தது.

அம்மாவுக்கு ஒரு மனக்கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை. வெங்காயம் இல்லாத சாம்பார், வெளியே தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் என்று எல்லாவற்றையும் அப்படியே நடத்தினாள். வயலுக்கு விரதச் சாப்பாடு கொண்டுபோவது லீவு நாட்களில் என் வேலை.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை மதியம்தான் பார்த்தேன்.

ராஜராஜன் வீட்டு வயல். பாதி அறுத்து, பாதி நின்றிருந்தது. மிஷின் ஓடவில்லை. அறுத்த நெல்தாளுக்குள் கொக்குகள் நின்றன. எவ்வளவு தூரத்திலும் கேட்கிற மிஷின் சத்தம் இல்லாததே எனக்கு என்னவோபோல் இருந்தது. கிட்டே போனேன். மிஷினின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அப்பாவின் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் மெல்லத் திரும்பித் திரும்பி ஆடியது.

போர்வெல் மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். அப்பா கறுப்பு வேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் டம்ளர். எதிரே புரோக்கர் பிரபு.

பிரபுதான் பதறினார். பாட்டிலைத் துண்டுக்குள் சுருட்டினார். "ஐயையோ பாப்பா... தப்பா நெனச்சுக்காத. கழுத்துல இல்லாதப்பதான் சாப்பிடுறாரு. கழட்டிவச்சுட்டு, முடிஞ்சதும் குளிச்சுட்டுத்தான் போடுறாரு. சாமி குத்தம் ஒண்ணும் வராது."

அப்பா பதறவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மிச்சத்தைக் குடித்து முடித்தார். வாய்க்காலில் இறங்கி மூன்று முறை முங்கினார். வாய் கொப்புளித்தார். நிதானமாக வந்து கண்ணாடியிலிருந்து மாலையை எடுத்து, "சாமியே சரணம் ஐயப்பா" என்று கழுத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் என் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார்.

"இன்னிக்கும் பருப்புத் தொவையலா வாணி சாமி?"

நான் வெறும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ என்ன டார்கெட் குடுத்த? சொல்லு."

"அறுப்பு முடியுற வரைக்கும்..."

"மாலை கழுத்துல இருக்கணும்னு. இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன மூஞ்சி அது? நான் என் சொல்லக் காப்பாத்துறேன். நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அம்மாகிட்ட போய்ச் சொல்லி அவளுக்கு ஒதை வாங்கிக் குடுத்துறாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாமி முகத்தோடுதான் சொன்னார். அந்த முகத்தின் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மாலை போட்ட அப்பா ஒருத்தர், போடாத அப்பா ஒருத்தர் என்று இரண்டு பேராக வைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்தோம். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அவரிடம் கேட்பாள். கேட்டால் அவர் அடிப்பார். சொல்லாவிட்டாலோ, அம்மா மாலையை நம்பிக் காவல் இல்லாமல் இருப்பாள். எது பரவாயில்லை என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா வந்ததும் அம்மா, "வாங்க சாமி, காலுக்குத் தண்ணி எடுத்து வச்சிருக்கேன்" என்பாள். முன்னைவிட அதிகமாகச் சாமி போட்டாள். பேச்சுக்குப் பேச்சு சாமி.

அந்த வாரமே நான் தூரமானேன். மாலைக் காலத்தில் அந்த நாட்களில் நான் வீட்டில் தங்கக் கூடாது. அடுத்த தெரு ஹமீதா வீட்டில்தான் படுப்பேன். மார்கழியில் போனபோதுகூட ஹமீதா, "உங்க சாமிக்குப் பயந்து எங்க வீட்டுக்கு வர்றியா, எங்கம்மா பிரியாணிக்கு ஆசைப்பட்டு வர்றியா, உண்மையச் சொல்லு" என்று கேட்டாள். இந்தத் தடவை நான் பையை எடுத்தபோது அம்மா, "எங்க போற? உள்ளயே படு" என்றாள்.

"மாலை இருக்கும்மா..."

"உள்ளயே படுன்னேன்ல."

மறந்துவிட்டாள், வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அரிவாள்மனை இருந்த இடத்தில் இல்லை. அம்மா சின்னக் கத்தியால் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இன்றைக்கு அறுப்பு முடிந்தது. எங்கள் பக்கத்தில் கடைசி வயல். மதியம் பள்ளிக்கூடத்துக்கே மிஷின் சத்தம் கேட்டது. கடைசி மணி அடித்தபோது அது நின்றுவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தியாகேசன் குருசாமி சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பேசினார்.

"ஈஸ்வரி, உம் புருஷன் கோயிலுக்கு வந்தாரும்மா. மாலையக் கழட்டி என் கையில திணிச்சுட்டுப் போயிட்டாரு. தேங்காய் உடைக்கல, கற்பூரம் ஏத்தல. நில்லுன்னேன், நிக்கல. 'டார்கெட் முடிஞ்சுது குருசாமி'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பிரபு வண்டியப் பின்னாடியே ஓட்டிட்டுப் போனாரு."

அம்மா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"பாத்துக்கம்மா" என்றார் குருசாமி. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். பாத்துக்கம்மா. இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. கண்ணாடியில் தொங்கிய மாலை, டம்ளர், அப்பா சொன்னது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே அம்மாவிடம் கொட்டினேன். அம்மா கேட்டு முடிக்கும்வரை அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் கழிஞ்சதுலேர்ந்தே. வாய்க்கால்ல முங்குனா வாய் நாத்தம் போகும். வேர்வையில வர்ற நாத்தம் எங்க போகும்? துணி தொவைக்கிறவ நான்."

"அப்புறம் ஏம்மா சாமி சாமின்னு..."

"அதாண்டி புடிச்சு வச்சிருந்துச்சு." களைந்த தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றினாள். "நான் சாமின்னு கூப்புடுற வரைக்கும் அந்த மனுஷன் கை ஓங்க மாட்டாரு. கழுத்துல அது கெடக்கறப்ப ஓங்குனா ஊரு என்னன்னு பேசும்? குடிச்சாலும் சாமியாத்தான் இருந்தாகணும். நீ கேட்டது நல்லதுதான். இவ்வளவு நாளு கெடச்சுதுல்ல. நாளைக்கு..." அவள் நிறுத்திவிட்டு, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு என்னன்னு கூப்புடுறதுன்னுதான் தெரியல."

"ஹமீதா வீட்டுக்குப் போயிரலாம்மா. ரெண்டு பேரும்."

"போனா அங்க வந்து நிப்பாரு. அவங்க வீட்டுக் கதவும் உடையும். நீ மட்டும் போ. கொல்லை வழியாப் போ. அரிவாள்மனையெல்லாம் ஹமீதா அம்மாகிட்டதான் குடுத்து வச்சிருக்கேன், அவங்களுக்குத் தெரியும்."

நான் போகவில்லை. அம்மா திட்டினாள், பிடித்துத் தள்ளினாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

கலைமகள் டீச்சர் சொன்னது இப்போதுதான் எனக்குச் சரியாகக் காதில் விழுகிறது. நான் எல்லை வைத்தேன், சின்னதாக வைத்தேன். ஆனால் அடுத்தவர் கையில் வைத்தேன். இன்றைக்கு ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். இந்த ஒரு ராத்திரி அம்மாவைத் தனியாக விடமாட்டேன். விடியும் வரைக்கும். போனில் ஹமீதாவின் நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்; மணி அடித்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கட்டைவிரல் அதன் மேலேயே இருக்கிறது. நர்ஸ் கேட்டு, அம்மா வரப்பு என்றாலும் இனிமேல் நான் சும்மா நிற்கமாட்டேன்.

வாய்க்கால் மதகுப் பக்கம் ஒரு சத்தம். லாரியாக இருக்கும். நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகிற லாரி.

லாரி இல்லை.

அம்மா எழுந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொள்கிறாள். என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லிக் கை காட்டுகிறாள். ஹெட்லைட் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, அம்மியின் மேல் ஏறி, சுவரில் நகர்ந்து நிற்கிறது. வண்டி அணைகிறது. வெளிச்சம் அணையவில்லை.

அம்மா போய்த் தாழ்ப்பாளை எடுக்கிறாள். வெளிச்சத்துக்கு எதிரில் அப்பா கறுப்பாக நிற்கிறார். கழுத்து வெறுமையாக இருக்கிறது.

அம்மாவின் குரல் நடுங்கவே இல்லை. "வாங்க சாமி. காலுக்குத் தண்ணி எடுத்து வச்சிருக்கேன்."

அப்பா அசையவில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். என் விரல் போனை அழுத்துகிறது. அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்குகிறது.

"சாமியா?" என்கிறார் அப்பா. "யாருடி சாமி?"